தலைவர் ஐயா வீட்டு மணி

அந்தப் பித்தளை மணி தலைவர் ஐயாவின் வீட்டிலிருந்து வந்தது. பேச்சாளர் நேரம் தாண்டினால் தட்டுவதற்கென்று அவரே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தலைவரே நேரம் தாண்டினால் அதை யார் தட்டுவது என்று மட்டும் எங்கள் குழுவில் ஒருவரும் கேட்டதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழகத்துப் படிப்பு ஊர்மக்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று, மாதம் ஒரு ஞாயிறு மாலை வெளியூரிலிருந்து ஒரு வரலாற்றுப் பேராசிரியரை வரவழைத்தோம். கல்வெட்டு படிப்பதில் கெட்டிக்காரர். ரெட்டியார்பாளையத்தில் நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் கூட்டம். பெஞ்சு போடுவது, மைக்குக்காரரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் என் தலையில். தலைவர் ஐயா ஓய்வுபெற்ற கோர்ட்டு அதிகாரி. கடவுள் வாழ்த்து, வரவேற்பு, மாலை எல்லாம் முடிந்ததும் முதலில் பிரெஞ்சில் தலைமையுரை ஆற்றுவார். பிறகு அதைத் தாமே தமிழில் சொல்வார். பிரெஞ்சில் விட்டுப்போனதெல்லாம் தமிழில் ஞாபகம் வந்துவிடும். அதற்குள் மில் சங்கு ஊதும், கூட்டத்தில் பாதிப் பேரான மில் தொழிலாளர்கள் ஷிப்டுக்கு எழுந்து போவார்கள். மிச்சமிருக்கும் பெஞ்சுகளுக்குத்தான் பேராசிரியர் பேசுவார். முடிந்ததும் தலைவர் வீட்டில் அவருக்கு விருந்து. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி முதல் கூட்டத்துக்கே வந்துவிட்டாள். வியாபாரம் முடிந்து, காலிக் கூடையோடு வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னிடம்தான் முதலில் சொன்னாள்: "டீச்சரம்மா, எங்க ஊரு கரையில எழுத்துக் கல்லு ஒண்ணு நிக்குது. அங்க வலை காயப்போடுறது எங்க ஊரு உரிமைன்னு அதுல இருக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இப்ப தோப்புக்காரரு வேலி போடப் போறாராம். பேச வந்திருக்கிற ஐயா ஒருதரம் வந்து படிச்சிச் சொன்னா, நாங்க போயி கேப்போம்."

அன்று கேள்வி கேட்க எழுந்தவளை, மணியைத் தட்டி, "கேள்வி எல்லாம் கடைசியில" என்று உட்கார வைத்தார் தலைவர். கடைசி வருவதற்குள் அவளுடைய கடைசி பஸ் வந்துவிட்டது. அடுத்த மாதமும் அதே கதை. நானே பேராசிரியரிடம் சொன்னேன். "அவசியம் பார்க்கணும்மா, அடுத்த முறை" என்றார். விருந்தை ஒரு நாள் விட்டுவிட்டு அவரைக் கல்லைப் பார்க்க அனுப்பலாமே என்று தலைவரிடம் கேட்டேன். "சாப்பாடு போடாம அனுப்பினா ஊரு என்ன சொல்லும், மதாம்?" என்றார் பிரெஞ்சு மரியாதையோடு. கெட்ட மனிதர் இல்லை அவர். மழை கொட்டினாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் புழுங்கினேன்.

மூன்றாம் மாதம் அவள் காத்திருக்கவில்லை. தலைமையுரையின் நடுவே விறுவிறுவென்று மேசைக்கு வந்து, மணியைத் தானே தட்டினாள். "ஐயா, பஸ்ஸு போயிடும். நான் சொல்லிட்டுப் போயிடுறேன்" என்று கல்லைப் பற்றியும் வேலியைப் பற்றியும் சொன்னாள். தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல விஷயம். இதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்" என்று ஆரம்பித்து, பரதவர் பெருமையை இரண்டு மொழியிலும் பேசி முடித்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அடுத்த முறை பேராசிரியரைக் காலையிலேயே பிடித்து பிள்ளைச்சாவடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முள்கம்பி வேலி வந்துவிட்டது. கல் உள்ளே நின்றது. முதலாளியைக் கேட்காமல் விட முடியாது என்றார் காவல்காரர். பேராசிரியர் கம்பிக்கு வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எழுத்து இருப்பது தெரிந்தது, படிக்க முடியவில்லை. அவள் ரோட்டோரத்தில் வலையை விரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "கூட்டத்துக்கு நேரமாவப் போவுது. போங்க டீச்சரம்மா."

அதெல்லாம் நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. சென்ற மாதம், பல்கலைக்கழகத்தாரும் ஊராரும் சேர்ந்து நடத்தும் கூட்டம் என்று சொல்லி, என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். மேசைமேல் மணி இருந்தது, புது மணி. நான் தலைமையுரை ஆற்றவில்லை. மணியைத் தட்டி, "தூரத்துல இருந்து வந்தவங்க மொதல்ல பேசுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசைப் பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாசலோரம் பார்த்தேன். பிள்ளைச்சாவடியிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.