மேடையில் நான் சொன்ன களிம்பு

என் மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்குவது முன்பெல்லாம் எனக்கு ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. புடவை அவள் தாய்வீட்டிலிருந்து வந்துவிடும். நான் தர வேண்டியது சிறியதாக ஏதேனும் ஒன்று. அது இன்னதென்று டிசம்பர் பிறந்ததும் அவளே சொல்லிவிடுவாள். முதலாண்டு சாப்பாட்டு டப்பாவுக்கு ஒரு பை. மறு ஆண்டு மடக்குக் குடை. மூன்றாம் ஆண்டு, பித்தவெடிப்புக்கு ஒரு களிம்பு.

விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் அவள் வேலை செய்கிறாள். அங்கே விற்பனைப் பெண்கள் செருப்பு அணிவதில்லை; நாள் முழுதும் வெறுங்காலோடு நிற்க வேண்டும். பனிக்காலத்தில் குதிகால் பிளந்து, புடவை ஓரத்து நூல் அதில் சிக்கும். அதைச் சொன்னபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேற ஒன்னும் வேணாங்க. காலுக்கு நல்ல ஆயின்மென்ட்டா ஒன்னு வாங்கினு வாங்க. எங்க ஊட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வாங்கிக் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

அதே வாரம் திண்டிவனத்தில், அவள் பிறந்து வளர்ந்த பங்கின் தேவாலயத் திடலில், பட்டிமன்றம். பண்டிகையின் மகிழ்ச்சி கொடுப்பதிலா, பெறுவதிலா என்பது தலைப்பு. கல்லூரி நாள்களிலிருந்தே மேடையேறி, கோப்பைகள் வென்று, என் நாவின்மீது எனக்கே ஒரு மயக்கம் ஏறியிருந்த காலம் அது. அன்று எதிரணி அம்மையார் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார். நான் எழுந்தேன்.

"பொன் கேட்ட மனைவியர் உண்டு, பட்டுக் கேட்ட மனைவியர் உண்டு, பாத வெடிப்புக்குக் களிம்பு கேட்ட மனைவி என் ஒருவன் வீட்டில்தான் உண்டு!"

திடல் அதிர்ந்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில், தாய்க்கும் தங்கைக்கும் நடுவே அமர்ந்திருந்த அவள், தன் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் அடுத்த வரியைச் சொன்னேன்: "அந்தப் பள்ளங்களை மூட, சாலை போடுகிறவர்களைத்தான் அழைக்க வேண்டும்!"

தயாரிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று பின்னர் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். திண்டிவனம் வரும் பேருந்திலேயே, அவள் தோளுக்கு என் தோள் உரச அமர்ந்தபடி, அந்த வரிகளைச் செதுக்கி முடித்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் மைத்துனி ஓடி வந்தாள். "இன்னாக்கா, மாமா ஆயின்மென்ட்ட வாங்கித் தந்ததோட சரியா, தேச்சியும் உட்டாரா?"

"சும்மா இருடி," என்று அவளை அடக்கிய மாமியார், என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ள, இதையெல்லாமா மைக்குல சொல்லுவாங்க?"

சிரித்து மழுப்பினேன். திரும்பும் பேருந்தில் மனைவி விழுப்புரம் வரும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட முறையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நின்று, என் பிழை எவ்வகையில் பிழை என்பதை மூன்று கூறுகளாகப் பிரித்து விளக்கினேன். குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. தழைய வேண்டிய இடத்தில் தழைந்தது.

"முடிஞ்சிச்சா?" என்றாள். "கை தட்டணுமா?"

அடுத்த டிசம்பரில் என்ன வேண்டுமென்று கேட்டேன். "எதுனா வாங்கினு வாங்க," என்றாள். கைப்பை வாங்கினேன். "நல்லாத்தான் இருக்கு," என்று வாங்கிக்கொண்டாள். விலைச்சீட்டுக்கூட அறுபடாமல் அது அலமாரியில் கிடக்கிறது. அதற்கடுத்த ஆண்டு கைக்கடிகாரம். அதற்கும் அதே சொல், அதே அலமாரி. அவள் விருப்பங்களை நான் அறிந்தவன் என்று அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் அவளாகச் சொன்னதைக் கேட்டு வாங்கியதைத் தவிர நான் எதையும் அறிந்திருக்கவில்லை. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டபோதும், "ஊரே கேட்டதுதான, எழுதிக்கோங்க," என்றாள்.

இவ்வாண்டு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "இந்த வருஷமாவது நீயே சொல்லேன்," என்றேன்.

தம்ளரைக் கீழே வைத்தாள். "ஒன்னே ஒன்னு இருக்கு…" என்று தொடங்கி, என்னை நிமிர்ந்து பார்த்து, நிறுத்தினாள்.

"என்ன? சொல்லு."

"வேணாம், உடுங்க. மூஞ்சியப் பாருங்க, அதுக்குள்ள மைக்கு புடிச்ச மாதிரி ஆயிடுச்சி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் சொன்னது சரிதான். அவள் "ஒன்னே ஒன்னு" என்று இழுத்த விதத்தையும், அதை எந்த இடத்தில் நிறுத்திச் சொன்னால் சபையில் எடுபடும் என்பதையும், அந்தக் கணத்தில் நான் எடைபோட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் மாலை விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்தேன். கல்லாவுக்கு முன் பண்டிகைக் கூட்டம். விற்பனைப் பெண் சுறுசுறுப்பாகக் கேட்டாள்:

"யாருக்கு சார்?"

"மனைவிக்கு."

"அவங்களுக்கு இன்னா புடிக்கும்னு சொல்லுங்க, எடுத்துக் காட்டறேன்."

எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.