வியாழன் பதினொன்றரை, பெலின்சோனா: இத்தாலி மொழி தெரிந்த ஓர் உளச்சிகிச்சையாளரைத் தேடிப் போன கதை

இந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது மலை, ஏரி, எந்த ரயிலில் எந்தப் பக்கம் இருந்தால் வடிவாகத் தெரியும் என்கிற விவரங்கள்தான். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிற எனக்கு வியாழக்கிழமைகளில்தான் ஓய்வு. அதனால் என் பயணங்கள் எல்லாமே வியாழக்கிழமைப் பயணங்கள். இதுவும் அப்படித்தான். ஆனால் இந்த முறை பார்க்கப் போனது மலையை அல்ல, என் மனைவி மனம் விட்டுக் கதைக்கக்கூடிய ஒருவரை.

தர்சினியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்து ஒரு பத்தியை முழுதாக வெட்டினாள். மிச்சத்துக்கு, "ஓம், போடுங்கோ. ஆருக்கும் உதவும்," என்றாள்.

எங்கள் மகள் பிறந்து நாலு மாதத்தில் தர்சினிக்கு நித்திரை போய்விட்டது. பிள்ளை நித்திரை, நான் நித்திரை, அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். "களைப்புப்பா," என்பாள். நானும் களைப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் பின்னேரம் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டே, "நான் இல்லாட்டிலும் இவள் வளருவாள்தானே," என்றாள். சாதாரணமாக, கடைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள். அடுத்த நாள் காலையே குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் மாத்திரை தந்தார், கட்டாயம் ஒரு தெரபிஸ்டுடன் கதைக்க வேண்டும் என்று ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

இங்கேதான் நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்து ஒரு பிழை விட்டேன். தர்சினிக்கு ஜெர்மன் அவ்வளவாக ஓடாது. ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நானே கேட்டு ஒழுங்கு செய்தேன். பக்கத்து நகரத்தில் ஒரு கிளினிக். மொழிபெயர்ப்பாளர் அக்கா நல்ல மனுசி, நேரத்துக்கு வந்தார், சிரித்தார். உள்ளே கூப்பிடும்வரை நடைபாதையில் இருந்தபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கிற அந்த முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஊரிலை எவடம்?"

தர்சினி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "நான் கொக்குவில் அக்கா. இவ சின்னனிலையே இத்தாலிக்குப் போட்டா, பலெர்மோவிலைதான் வளந்தவ. தாய் தேப்பன் சாவகச்சேரி."

"சாவகச்சேரியோ? ஆற்றை மகள்?"

யாருடைய மகள் என்று விசாரித்து, மூன்று நிமிடத்தில் தர்சினியின் தாய்வழிச் சித்தி ஒருவர் அந்த அக்காவின் கலியாணத்துக்குச் சமைத்தவர் என்பது வெளிவந்துவிட்டது. எனக்குச் சந்தோசம். இனி எல்லாம் சுகமாக நடக்கும் என்று நினைத்தேன். உள்ளே போய் வைத்தியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தர்சினி ஒரே பதில்தான் சொன்னாள். "சுகமாத்தான் இருக்கிறன்." ஐம்பது நிமிடமும் அதுதான். நடுவில் இரண்டு தடவை அவளுக்காக நான் பதில் சொன்னேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கொஞ்சம் கடுமையாகக் கேட்டேன். "ஏன் ஒண்டும் சொல்லேல்லை நீர்? அந்த அக்கா வெளியிலை கதைக்கமாட்டா. அதுக்குச் சட்டம் இருக்கு."

"தெரியும். அவ சொல்லமாட்டா," என்றாள் தர்சினி. "ஆனா அவ இப்ப எனக்கு அக்கா. அக்காவுக்கு முன்னாலை நான் நல்ல பிள்ளையாத்தான் இருப்பன்."

எனக்கு அது சரியாக விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல், "அப்ப எந்த மொழியிலைதான் சொல்லுவீர்?" என்றேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆத்திரம் வந்தா எனக்கு இத்தாலியன்தான் வரும்," என்றாள். எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருடம். அவளுக்கு ஆத்திரம் வந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதுவரை அது எனக்குப் பெருமையாக இருந்தது.

தேடத் தொடங்கினோம். பேர்னிலும் சூரிச்சிலும் இத்தாலி மொழியில் கதைக்கிற தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். முந்தி வேலைக்கு வந்த இத்தாலியர்களின் பிள்ளைகள் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். ஐந்து பேருக்கு எழுதினோம். "எழுதினோம்" என்பது பொய், தர்சினிதான் எழுதினாள். பல கிழமைகளாக ஒரு தேத்தண்ணி ஊற்றவே மனமில்லாமல் இருந்தவள், சோபாவில் கால்மடித்து இருந்து கைபேசியில் படபடவென்று இருபது நிமிடத்தில் ஐந்து கடிதம் எழுதி முடித்தாள். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து இடத்திலும் நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்றே பதில் வந்தது. ஆறாவதாக இத்தாலி மொழி பேசும் திச்சீனோ மாநிலத்துக்கு, பெலின்சோனா நகரில் இருக்கிற ஒரு பெண்மணிக்கு எழுதினாள். இரண்டே நாளில் பதில் வந்தது. வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஓர் இடம் இருக்கிறதாம், முதல் சில தடவை நேரில் வர வேண்டுமாம். எல்லாக் கிழமையும் விட்டு வியாழன் என்று வந்ததே, அன்றைக்குச் சாமிப்படத்துக்குக் கூடுதலாக ஒரு கற்பூரம் கொளுத்தினேன்.

இனி வழி. இன்டர்லாக்கன் ஓஸ்டில் காலை 7.04க்கு லுசேர்ன் போகும் ரயில். பிரியன்ஸ் ஏரி வலப்பக்கம் வரும். மைரிங்கனில் ரயில் திசை மாறும், அங்கே திடுக்கிட வேண்டாம், பிழையான ரயில் அல்ல. லுசேர்ன் 8.55. பிள்ளைவண்டியோடு நடைமேடை மாறத் தாராளமாக நேரம் இருக்கிறது. 9.18க்குத் தெற்கே போகும் ரயில், பெலின்சோனாவுக்குப் பதினொன்றுக்குக் கால்மணி முன்பாகவே போய்விடும். இடையில் கொத்தார்ட் சுரங்கம், ஐம்பத்தேழு கிலோமீற்றர், ஏறக்குறைய இருபது நிமிட இருட்டு. அரைக்கட்டண அட்டை எங்களிடம் இருக்கிறது, முற்கூட்டியே வாங்கிய மலிவு நாட்சீட்டு ஆளுக்கு 39 பிராங். கைக்குழந்தைக்குச் சீட்டு வேண்டாம்.

மாசிக் கடைசி. இந்தப் பக்கம் பனி மூட்டம், சுரங்கத்தால் வெளியே வந்தால் வெயில். தர்சினியின் கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது.

நேரம் இருந்ததால் ஸ்டேசனிலிருந்து நடந்து, வழியில் ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைந்தோம். நான் வழக்கம்போல முன்னுக்குப் போய் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் தொடங்கினேன். கடைக்காரர் விழித்தார். தர்சினி என்னை மெல்ல ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவரோடு கதைக்கத் தொடங்கினாள். உரத்த குரல், கையெல்லாம் ஆடுகிறது. அவர் பிள்ளையைக் காட்டி ஏதோ சொன்னார், இவள் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! சந்தோசமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. என் மனைவியைக் கோப்பிக் கடைக்காரர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிட்டார்.

தெரபிஸ்டின் இடம் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. வாசலில் வந்து தர்சினி நின்றுவிட்டாள். முகத்தில் மறுபடி அந்தப் பழைய வெறுமை.

"திரும்பிப் போவமோ?"

என் வாயில் பத்துப் பதில் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, கடிதம் எழுதி, சீட்டு வாங்கி என்று. ஒன்றையும் சொல்லாமல் பிள்ளைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிடம் போயிருக்கும். அவளே மணியை அடித்தாள்.

ஐம்பது நிமிடம் நான் சும்மா இருக்க வேண்டும். பெலின்சோனாவில் நகரத்துக்கு நடுவிலேயே ஒரு கோட்டை, பாறைக்குள் ஒரு லிஃப்ட் வைத்து மேலே அனுப்புகிறார்கள். பிள்ளைவண்டி தாராளமாகப் போகும். ஆனால் நான் மேலே போகவில்லை, தர்சினி இடையில் இறங்கி வந்தால் என்ன செய்வது என்ற பயம். சப்பாத்துக் கடையைப் பார்த்துக்கொண்டு சதுக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி தமிழோ?"

பக்கத்து உணவகத்தின் பின்கதவால் வெள்ளை ஏப்ரனோடு ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், என்னைப் போலக் குசினிக்காரர். பிள்ளையைப் பார்த்துத்தான் வந்தாராம்.

"ஓம் அண்ணை."

"ஊரிலை எவடம்?"

சொன்னேன். அவருக்கு ஊர் கைதடி. இருபத்தைந்து வருடமாக இங்கேதான். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "மனிசி எங்கை? இஞ்சாலை என்ன அலுவலா வந்தனியள்?" என்றார்.

"சும்மா அண்ணை, சுத்திப் பாக்க. அவ கடைக்குப் போட்டா."

பொய் தானாக வந்தது. அன்பாகக் கேட்ட மனிதர், இனிமேல் எப்போது பார்ப்பேனோ தெரியாத மனிதர், அவரிடம் அரை நிமிடத்தில் பொய் சொல்லிவிட்டேன். கொக்குவில் என்று சொன்ன வாயால் உண்மை வரவில்லை. அப்போதுதான் அந்த நடைபாதையும், "ஆற்றை மகள்?" என்ற கேள்வியும், பஸ்ஸில் தர்சினி சொன்னதும் எனக்கு விளங்கின. எனக்கு அரை நிமிடம், அவளுக்கு ஐம்பது நிமிடம். பக்கத்தில் இருந்து அவளுக்காகப் பதில் வேறு சொல்லியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

பன்னிரண்டு இருபதுக்கு தர்சினி வந்தாள். கண் வீங்கி, மூக்குச் சிவந்து. "என்ன சொன்னவ?" என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. நான் கேட்டது, "பசிக்குதோ?"

"ஓம், சரியாப் பசிக்குது," என்றாள். கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் அதே வாங்கில் வைத்து முழுக்கச் சாப்பிட்டாள். என்னுடைய பங்கில் பாதியையும் சாப்பிட்டாள்.

திரும்பும் ரயில் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் அவள் தலை என் தோளில். லுசேர்னில் இறங்க வேண்டும். எழுப்பக் கை வைத்தேன், வாயைத் திறந்தபடி சின்னப்பிள்ளை மாதிரி அயர்ந்து கிடந்தாள். எழுப்பவில்லை. அந்த ரயில் பாசல் வரை போகிறது. ஓல்டனில் பிள்ளை அழுது அவளை எழுப்பியது, பேர்ன் வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தோம். நாட்சீட்டு எடுத்ததால் அதற்கு ஒரு சதமும் கூடவில்லை. நாட்சீட்டே எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

இது நடந்து நாலு மாதம். நேரில் எட்டுத் தடவை போய்விட்டோம், இடையில் வீடியோவிலும் கதைக்கிறாள், அந்த நேரம் நான் பிள்ளையோடு வெளியே போய்விடுவேன். அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தர்சினி நித்திரை கொள்கிறாள். போன மாதம் நான் பாத்திரத்தை அப்படியே விட்டதற்கு என்னை இத்தாலி மொழியில் ஏசினாள். அப்படி ஓர் ஏச்சை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. நிம்மதியாக இருந்தது.

இப்படித் தேடுகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில விசயங்கள். குடும்ப வைத்தியரின் கடிதம் இருந்தால் அடிப்படைக் காப்புறுதி ஏற்றுக்கொள்ளும், எங்களுக்கு முதலில் பதினைந்து அமர்வுக்கு எழுதித் தந்தார். உங்களுடைய வருடாந்தக் கழிவுத்தொகை (காப்புறுதி தரத் தொடங்குமுன் நாங்களே கட்ட வேண்டிய பங்கு) முடியும்வரை கையிலிருந்து போகும், ஆகவே முதலிலேயே காப்புறுதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு எழுதுங்கள், பக்கத்து மாநிலங்களையும் விடாதீர்கள். எந்த மொழி என்பதைச் சிகிச்சைக்குப் போகிறவரே முடிவு செய்யட்டும். தமிழில் நன்றாகக் கதைத்துச் சுகப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும், எல்லோருக்கும் இத்தாலி மொழி தேவையில்லை. ஆனால் இன்றைக்கே உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றால் ரயிலைத் தேட வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தர்சினி அப்படிச் சொன்ன அந்தப் பின்னேரம் நானும் அடுத்த நாள் வரை காத்திருந்திருக்கக் கூடாது என்று வைத்தியர் பிறகு சொன்னார்.

கடைசியாக, போன வியாழக்கிழமை நடந்தது. கைதடி அண்ணையிடமும் கேட்டுவிட்டேன், பெயரும் கடையும் போடாவிட்டால் எழுதலாம் என்றார். தர்சினி இறங்கி வந்தபோது அவர் என்னோடு வாங்கில் இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"என்ன பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு? ஏதும் வருத்தமோ?"

நான் இத்தனை வியாழனும் அவரிடம் சொல்லிவந்த பொய்யை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். தர்சினி முந்திவிட்டாள்.

"ஓம் அண்ணை. பிள்ளை பிறந்தாப் பிறகு மனசுக்குச் சரியான வருத்தம். உந்தச் சப்பாத்துக் கடைக்கு மேலை ஒரு தெரபிஸ்ட் இருக்கிறா. அவவோடை கதைச்சுப் போட்டு வாறன். இப்ப நல்ல சுகம்."

தமிழில் சொன்னாள். அண்ணை சப்பாத்துக் கடையின் மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்து, கைபேசியை வெளியே எடுத்தார்.

"அவவின்ரை நம்பரைத் தாறியே பிள்ளை? எனக்குத்தான்."

தர்சினி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அவர் பதிந்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அவ தமிழ் கதைக்கமாட்டாதானே?"

"ஒரு சொல்லும் தெரியாது அண்ணை."

"அப்ப நல்லது," என்றார்.