மினுக்கு மாற்றிய பின்சக்கரம்

மினுக்கு என்ற பேரை முதன்முதலில் கேட்டபோது, யாரோ வளர்க்கும் நாய்க்குட்டியைச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, மாமன்மாரிலேயே வாய் நீளமானவர், இடிபட்டு ஒடுங்கிய காருக்குப் பெயிண்ட் அடித்து வாங்கிவந்து, "மினுக்கு கை பட்டா, அடிபட்ட எடம் அதுக்கே மறந்துபோயிரும்" என்றார். பிறகு அந்த மாமாவே முன்னால் நின்று அவளை மினுக்குக்குக் கட்டிவைத்தார்.

வாழவந்த வீடு, செங்குத்தாய் இறங்கும் தெருவின் மேல்முனையில் இருந்தது. மினுக்கின் அப்பா ஓட்டிய பந்தய சைக்கிள் முன்னறைச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒல்லிச் சக்கரம், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி. "மாமியார் இல்லாத குறையை இதுதான் தீக்குது. எழுந்ததும் இதத்தான் மொதல்ல தொடச்சுவிடணும்" என்று தன் கூடப்பிறந்த தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு மழைக்குப் பிறகு மினுக்கு அதை ஓட்டிப்போகையில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரிம் நசுங்கிப்போனது. சைக்கிள் கடைக்காரர் புதுச் சக்கரத்தைக் கொடுக்கும்போதே சொன்னார்: "உங்க வண்டி அந்தக் காலத்து அளவு. புதுச் சக்கரத்துக்கு அச்சு நீளம். வண்டியக் கொண்டாங்க, சக்கரம் உக்கார்ற பின்கவட்டைய அளவு பாத்து விரிச்சுத் தரேன்." மினுக்கு தலையாட்டினான். ஆட்டியதோடு சரி.

அவள் தம்பி வந்திருந்த ஒரு விடுமுறை நாளில் மினுக்கு தானே வேலையைத் தொடங்கினான். பழையதிலிருந்த பற்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் முடுக்கியாயிற்று. ஆனால் சக்கரம் கவட்டைக்குள் நுழையவில்லை.

"நீ அந்தக் காலப் புடி மச்சான், நான் இந்தக் காலப் புடிக்கிறேன்."

"மாமா, இது என்ன கோழியா, ஆளுக்கொரு காலாப் பிய்க்க?"

"இழுடா."

இழுத்தார்கள். விரல் சொடுக்கினாற்போல 'டக்' என்று ஒரு சத்தம். கதவோரம் நின்ற அவள் உள்பட மூன்று பேருக்கும் கேட்டது.

"என்னங்க அது?"

"எடம் குடுத்துருச்சு, அவ்ளோதான்."

சக்கரம் உட்கார்ந்தது. செயினை மாட்டி, நட்டை முடுக்கி, சுற்றிவிட்டான். கோணல் இல்லை, உரசல் இல்லை. ஆனால் கவட்டையின் கீழ்க்குழாய் ஃபிரேமோடு சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. ஆயுசுக்கும் பெயிண்ட் வேலை பார்த்தவனுக்கு உலகத்தில் எந்தக் கோடும் பெயிண்டில் விழுந்த கோடுதான். உப்புத்தாளால் தேய்த்தான், பட்டி வைத்தான், பூச்சுமேல் பூச்சு அடித்தான். கண்ணாடியாய் மினுங்கியது.

சில நாள் ஓட்டியபின் கோடு திரும்ப வந்தது. "ஈரத்துல அடிச்சது, பிடிக்கல" என்று மறுபடி அடித்தான். அடுத்த முறை கோடு சற்று நீண்டு வந்தது. அவள் முன்னறையைக் கூட்டும்போது அந்தப் பக்கம் பார்க்காமலே கூட்டப் பழகினாள். அங்கே தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அந்தச் சமயம் தம்பிக்கு இறக்கத்துக்குக் கீழே ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. "சைக்கிள நீ எடுத்துக்கோ மச்சான்" என்று மினுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். இனி தினமும் அந்த இறக்கத்தில் அவள் தம்பி. அவள் மினுக்கிடம் அந்தக் கோட்டைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"பெயிண்ட் எனக்கே சொல்லித் தர்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலங்க. நான் ஏறி உக்கார்றேன், நீங்க குனிஞ்சு பாருங்க. அது போதும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். அவன் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். அவள் இறங்கினாள், மறுபடி ஏறினாள். அவன் நிமிரவே இல்லை. அவள் பாரம் விழும்போதெல்லாம் கோடு வாய் திறந்தது, இறங்கினால் மூடிக்கொண்டது.

"என்ன தெரியுது?"

"பெயிண்ட் காயட்டும்" என்றான் மினுக்கு. முகத்தில் ரத்தம் இல்லை.

வெடித்தது இரும்புதான் என்று அவன் ஒத்துக்கொண்டிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். மறுநாள் காலை தம்பி, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். சைக்கிளை வாசலுக்குத் தள்ளினான். மினுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

"இரு. ஒரு ரவுண்டு பாத்துட்டுத் தரேன்."

"எனக்கு நேரமாச்சு மாமா."

"இருன்னா இருடா."

"ஏங்க, வேணாங்க!" என்று அவள் ஓடிவருவதற்குள் ஏறிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக் பிடித்துப் பிடித்து, ஓரமாகத்தான் இறங்கினான். பாதி இறக்கத்தில் பின்சக்கரம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்ததை அவள் மேலே நின்று பார்த்தாள். அப்புறம்தான் சத்தம் வந்தது. தம்பி செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

மினுக்குக்குத் தோளிலும் இடுப்பிலும் எலும்பு முறிந்தது. அச்சக வேலைக்கு அவள் தம்பி இன்றைக்கும் நடந்துதான் போகிறான். மினுக்கு அதே மேட்டு வீட்டில், முன்னறைக் கட்டிலில் இருக்கிறான். தடியூன்றி வாசல்வரை வருவான், அதற்கு மேல் இல்லை.