பட்டியலில் இல்லாத பெயர்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் கல்விச்சபைச் செலவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தொடங்க, மோர்னிங்சைட் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பெயர் சேர்த்தேன். போதிய பெயர் இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை. கடைசி நாளில் ஒரு பெயர் குறைந்தது.

பட்டியலைக் கொடுக்கப் போன கல்விச்சபைக் கந்தோரில் எனக்கு முன்னால் நின்ற ஸ்கொட்லாந்துப் பெண், கேலிக் மொழி வகுப்புக்கு நான்கு பெயர்களே வைத்திருந்தாள். மறுத்துவிட்டார்கள். என் குறையைக் கேட்டவள், "எங்கள் மொழிக்குத்தான் ஆளில்லை. உங்களுடையதாவது நடக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, தன் மகளின் பெயரை என் பட்டியலில் எழுதினாள்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப எங்கடை மகன்ரை பேர் ஏனப்பா இல்லை?" என்றாள் மனைவி.

சனிக்கிழமைகளில் அவனுக்குப் பிரெஞ்சு வகுப்பு. நான்தான் சேர்த்திருந்தேன்.

வகுப்பில் அந்த ஸ்கொட்லாந்துச் சிறுமி எழுதித் தந்த முதல் 'அ' இன்னும் என்னிடம் இருக்கிறது. என் மகன் எழுதியது ஒன்றுமில்லை.