வாய்க்கால் பக்கம் நின்றுவிடும் குட்டிக்கார்

எங்கள் வீட்டில் தண்ணீர் இறைக்கும் இறைப்பு மிசினின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவள் நான் ஒருத்திதான். அதனால் மகளின் குட்டிக்காருக்கு எஞ்சின் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. வயலுக்கு மின்சார மோட்டர் வந்த பிறகு அந்தப் பழைய பெற்றோல் மிசின் கோழிகள் ஏறி நிற்பதற்கு மட்டுமே உதவிக்கொண்டிருந்தது. கணவர் அதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனார். இரும்புக் குழாயில் ஒரு சட்டம், தள்ளுவண்டிச் சில்லுகள், பிளாஸ்ரிக் கதிரையின் மேல்பாதி எல்லாம் சேர்த்து ஒரு காராகத் திருப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

"நீர்தானே படிச்சனீர். இனி உம்மட பாடு," என்றார்.

நான் படித்தது வணிகம். பள்ளிக்கூடத்தில் கற்பிப்பதும் அதுதான். ஐந்தொகையைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எங்கள் குடியேற்றத்திட்டத்து விளையாட்டுக் கழகம் பிள்ளைகளுக்குக் குட்டிக்கார் ஓட்டப்போட்டி வைக்கப்போவதாக அறிவித்திருந்தது. எல்லாக் காருக்கும் இறைப்பு மிசின்தான் பூட்ட வேண்டும். பெரும்போக நெல் வெட்டு முடிந்து சும்மா கிடக்கும் நெல் காயவிடும் தளத்தை மூன்று தரம் சுற்ற வேண்டும். ஓரங்களில் உமி அடைத்த உரப்பைகள் அடுக்குவார்களாம். கிளிநொச்சியில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறு இருக்க முடியாது. நான் அன்றிரவே கையேட்டைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

கையேடு சொன்னபடியே எல்லாம் செய்தேன். எண்ணெய் அளவு பார்க்க மிசின் சமதரையில் நிற்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் முற்றம் கிணற்றுப் பக்கம் சரிந்தது. ஆகவே காரை விறாந்தை தாண்டி நடு அறைக்குள் தள்ளிவந்து பார்த்தேன். பார்த்தது சரியா என்ற சந்தேகத்தில் அது ஒரு கிழமை அங்கேயே நின்றது. வந்தவர்கள் அதைச் சுற்றியிருந்து தேத்தண்ணி குடித்தார்கள். காற்று வடிகட்டும் பஞ்சைக் கழட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, காலுறைகளோடு கொடியில் காயவிட்டு, எண்ணெய் தடவிப் பிழிந்து, அதன் கறுப்புப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். அவ்வளவு வடிவாகச் செய்ததால் அதை மட்டும் நான் மறுபடி திறந்து பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே வேலை அது.

அந்தத் தளத்தில் பழகும் நாட்களில் கார் ஒழுங்காகப் புறப்படும். முதல் வளைவு எடுக்கும். இரண்டாவதும் எடுக்கும். வாய்க்கால் பக்கத்து வளைவில் ரெண்டு தரம் இருமி, நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் அங்கேதான்.

"தங்கச்சி, அது தண்ணியைக் கண்டால் நிக்குது," என்றார் எதிர்வீட்டு அக்கா. அவருடைய மகனும் போட்டியில் இருந்தான். "இறைச்சுப் பழகின மிசின்தானே. ஒருக்கா குழாயை வாய்க்காலுக்கை விட்டுப்பாருங்கோ, சந்தோசமாய் ஓடும்."

மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு வெல்லும் ஆசை இல்லை. நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னேரங்களில் காரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது எதிரில் வரும் வகுப்புப் பிள்ளைகளைக் காணாதவள் மாதிரி நிலத்தைப் பார்த்து நடப்பாள்.

நான் பிளக்கைக் கழட்டினேன். கரி பிடித்துக் கறுத்திருந்தது. துடைத்தேன். காபரேற்றர் ஆணியைக் கால் சுற்றுத் திருப்பினேன். கூடிவிட்டதோ என்று திரும்பக் குறைத்தேன். பிறகு எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதே மறந்துபோயிற்று. இதற்கு மேல் மனிதரால் ஆவது ஒன்றுமில்லை என்று, மகளின் நெற்றிக்குப் போடும் திருநீற்றில் ஒரு கிள்ளு எடுத்து மிசினுக்கும் பூசினேன். புகைக்குழாய் சுடும், தாங்கியில் பெற்றோல் ஈரம், மற்ற இடமெல்லாம் கிறீஸ். துப்புரவாக இருந்தது அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றுதான். மூன்று குறி போட நல்ல அகலமும் இருந்தது. மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போது பூசினால்தான் பலன் என்று எனக்கு ஏனோ தோன்றியது. அன்றைக்கும் கார் வாய்க்கால் பக்கத்தில் நின்றது. அடுத்த நாள் கொஞ்சம் கூடப் பூசினேன். வாய்க்காலுக்கு முன்னமே நின்றது. அதற்கடுத்த நாள் ஒரு கைப்பிடி.

போட்டியன்று காலை, சும்மா ஓட்டிப் பார்க்கும்போது கார் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் முடிந்ததும் எங்களைக் கூப்பிடுவார்கள். மகள் பெரிய ஹெல்மற்றுக்குள் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணாடியில் ஆவி படிந்ததில் தெரிந்தது.

"அம்மா, நான் முடிக்கமாட்டன் என்ன?"

நான் கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்பினேன். பையிலிருந்த, திருநீறு மடித்த கடதாசிச் சரையைப் பிரித்தேன். அவள் கண்ணாடியை உயர்த்தினாள்.

"அதுக்குப் போடாதேங்கோ அம்மா. அது உறிஞ்சுது."

"என்னத்தை?"

"திருநீற்றை. நீங்கள் பூசப் பூச அந்தப் பெட்டியிலை இருக்கிற கீறலுக்காலை உள்ளுக்கை இழுக்குது. நான் திரும்பிப் பாக்கிறனான்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சாமி ஏத்துக்கொள்ளுறார் எண்டு நினைச்சன்."

எஞ்சினை நிற்பாட்டிப் பெட்டியைத் திறந்தேன். நான் எண்ணெய் தடவி வைத்த பஞ்சு, மா பூசிய பலகாரம்போல வெள்ளையாய், கனமாய், கோயில் வாசத்தோடு இருந்தது. மூச்சு விட ஒரு துவாரம்கூட மிச்சமில்லை.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "அட, மிசினுக்கும் விரதமே பிடிச்சனீங்கள்?"

கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உரப்பை ஒன்றின் மேல் குந்திவிட்டார். "பஞ்சை எறிஞ்சுபோட்டு ஓடவிடுமப்பா," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"பஞ்சில்லாமல் ஓட்டக்கூடாது. கையேட்டிலை இருக்கு."

"திருநீறு பூசச் சொல்லியும் இருக்கோ?"

தூரமாகக் கொண்டுபோய், சாப்பாட்டுப் பெட்டி மூடியில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றிப் பஞ்சைக் கழுவினேன். முதலில் நான் அளவுக்கு மிஞ்சித் தடவிய எண்ணெயும் திருநீற்றோடு கரைந்து வந்தது; வாய்க்கால் பக்கத்து முதல் இருமல் அதனால்தான். தோளில் கிடந்த என்னுடைய நல்ல சோலின் முனையில் வைத்துப் பிழிந்தேன். கணவர் நிகழ்ச்சித் தாளால் விசிறினார். காய்ந்ததா என்று நான் மணந்து பார்க்க, காய்ந்துவிட்டது என்று அவர் சொல்ல, இல்லை என்று நான் சொல்ல, ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். இருந்த கொஞ்ச எண்ணெயைத் தடவி, பூட்டி, கயிற்றை இழுத்தேன். எழும்பிய சத்தமே வேறு. பிரித்த சரை உரப்பை மேல் அப்படியே கிடந்தது. அதை மிசினுக்குப் போடவும் முடியாது, போடாமல் பிள்ளையை அனுப்பவும் மனம் வராது. முழுவதையும் கணவரின் நெற்றியில் அப்பிவிட்டேன்.

கொடி விழுந்தது. முதல் வளைவு. இரண்டாவது. வாய்க்கால் பக்கம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் அங்கே இல்லை, அடுத்த வளைவில் இருந்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவதிலும் இருமலே இல்லை. எதிர்வீட்டுப் பெடியனுக்குப் பின்னால், கடைசிக்கு முந்தின இடத்தில் கோட்டைத் தாண்டினாள். நான் அழுதேன் என்று கணவர் சொல்லுகிறார். இருக்கலாம்.

அவள் நிற்கவில்லை.

கொடி பிடித்தவர் கொடியை ஆட்டினார். அவள் கையைக் காட்டிவிட்டு நாலாவது சுற்றுக்குப் போனாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் அந்தக் கார் தானாகவே நின்றுகொண்டிருந்தது. எப்படி நிற்பாட்டுவது என்று நாங்கள் ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறேக் எங்கே இருக்கிறது என்றாவது காட்டினோமா?

"காலை எடு பிள்ளை, காலை எடு," என்று கத்திக்கொண்டு நான் உரப்பைகளுக்கு வெளியே ஓடினேன். கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தார். நெற்றி வெள்ளையாய் ஒரு மனிதர் தன்னைத் துரத்திவருவதைக் கண்டு அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். ஐந்தாவது சுற்றின் பாதியில்தான் அவர் எட்டிப் பிடித்து எஞ்சின் சுவிச்சைத் தட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஹெல்மற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிப்பாட்டினீங்கள் அப்பா?" அவருக்குப் பேச மூச்சில்லை. என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் முடிச்சிட்டனோ?"

"எப்பவோ முடிச்சிட்டாய்," என்றேன்.