வெட்டி எடுத்த நான்கு நிமிடங்கள்

ஏழுமலை அண்ணன் இறந்த செய்தியை அவர் மனைவி வள்ளி அக்காதான் எனக்குச் சொன்னார். காலை எட்டு மணி இருக்கும். தண்டையார்பேட்டையில் பாரிமுனை பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "அவரு பூட்டாரு தம்பி. உனுக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். குரலில் அழுகை இல்லை. எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன், சொன்னார். பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் போனது. எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி அவர் என்னிடம் எதையும் கேட்கமாட்டார் என்ற நிம்மதி. அந்த நிம்மதியை எண்ணி வெட்கப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காசிமேட்டு ஐஸ் கிடங்கில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய கைகளையும் கோபத்தையும் சிரிப்பையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். நான் எடுத்த ஆவணப்படத்தில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்குத்தான் இது. நீங்கள் பார்த்தது முழு மனிதரை அல்ல.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் கன்டெய்னர் அடுக்கும் ஒரு யார்டில் ஏழுமலை அண்ணனும் அவர் தம்பி ஆறுமுகமும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தார்கள். சங்கிலி அறுந்து விழுந்து ஆறுமுகம் இறந்துபோனான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அவன் அன்று வேலைக்கே வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தது. தம்பியைத் தூக்கி வெளியே கொண்டுவந்ததே அண்ணன்தான். அதன் பிறகு அவருக்குத் தூக்கம் இல்லை. தம்பி வாசலில் நின்று கூப்பிடுவதாகச் சொல்வாராம். அக்கா டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். சில வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார். ஒரு பகல் வேளையில் பெட்ரோல் கேனோடு யார்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைப் பூட்டினார். உள்ளே இரண்டு அதிகாரிகளும், வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாளான கவிதா என்ற பெண்ணும் இருந்தார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினால்தான் மூன்று பேரையும் விடுவேன் என்றார். ஆறு மணி நேரம் கழித்து, யாரும் எதையும் திருத்தாமலே, அவரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சிறைக்குப் போனார்.

தண்டனை முடிந்து வந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அவரைத் தேடிப் போனேன். மூன்று தடவை துரத்தினார். நான்காவது தடவை, ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, என்னைக் கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போனார். கேள்வி கேட்டது அவர்தான். இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள், எங்கே போடுவார்கள், போனில் வருமா என்றெல்லாம் விசாரித்தார். போனிலும் வரும் என்றேன்.

"அப்ப அந்தப் பொண்ணு பார்க்கும்" என்றார்.

எந்தப் பெண் என்று கேட்டேன். அலுவலகத்தில் பெட்ரோலை ஊற்றியபோது கவிதாவின் துப்பட்டாவில் தெறித்துவிட்டதாம். அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து நடுங்கியிருக்கிறாள். "தண்ணி கேட்டுச்சு நைனா. மூணு வாட்டி கேட்டுச்சு. கேன்ல தண்ணி கீது, டம்ளர் கீது. நா குடுக்கல. எந்தம்பிக்கு யாரு குடுத்தான்னு நெனச்சேன். அதுக்கு இன்னா தெரியும் எந்தம்பிய?" நேரில் போய் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. தன்னை வாசலில் பார்த்தால் அந்தப் பெண் மறுபடி பயந்துவிடுவாள் என்றார். கடிதம் எழுத வராது. படத்தில் சொன்னால் அவள் தன் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டுமானால் கேட்கலாம், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். அது ஒன்றுக்காகத்தான் சம்மதிக்கிறேன் என்றார். நான் வாக்குக் கொடுத்தேன்.

கொருக்குப்பேட்டையில் அவர் வீட்டில் பதினோரு நாள் படம் பிடித்தோம். மற்ற நாளெல்லாம் கையில்லாத பனியனோடு உட்கார்ந்து பேசியவர், கவிதாவுக்காகப் பேசிய அன்று மட்டும் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி வந்தார். வள்ளி அக்காவை வெளியே போகச் சொன்னார். கேமராவைப் பார்த்து நான்கு நிமிடம் பேசினார். முடிந்ததும், "அதுக்குப் புரியுற மாதிரி சொன்னேனா?" என்று கேமராமேனிடம் கேட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

எடிட்டிங்கில் அந்த நான்கு நிமிடம் இடித்துக்கொண்டே இருந்தது. படம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் அவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் காட்சி இருந்தது. அதோடு முடித்தேன். படம் பல ஊர்களுக்குப் போனது. கடைசிக் காட்சியின் மௌனத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு விமர்சகர், தன் குற்றத்துக்குச் சொல் கிடைக்காத மனிதனின் மௌனம் என்று எழுதினார். அதை நான் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய அரங்கில் திரையிட்டபோது அவரும் வந்தார். அதே சட்டை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டதும் என் தோளைத் தொட்டு, "நா பேசுனது இன்னா ஆச்சு?" என்று கேட்டார். இது விழாக்களுக்கான சின்னப் படம், பெரிய படம் ஒன்று தயாராகிறது, அதில் முழுசாக வரும் என்றேன். அப்படி ஒரு படம் இல்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்த பொய்.

"செரி நைனா. நீ படிச்சவன், பார்த்து செய்வ" என்றார்.

அதற்கப்புறம் பல தடவை சந்தித்தோம். அவர் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நுரையீரல் கெட்டுப் படுத்தபோது ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஆப்பிள் வாங்கிப்போனேன். ஐஸ் கிடங்குக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அடக்கம் முடிந்த மறுநாள்தான் வள்ளி அக்கா சொன்னார்: "பெரிய படம் வந்துச்சா, அந்தப் பொண்ணு பார்த்துச்சான்னு எங்கிட்ட கேட்டுகினே இருந்தாரு. உன்ன கேட்டா உனுக்குச் சங்கடமா இருக்கும்னு கேக்க மாட்டாரு."

அன்று மாலையே கவிதாவைத் தேடிப் போனேன். படம் எடுக்கும்போது பேட்டி கேட்டுப் போய், அவர் மறுத்திருந்தார்; அதனால் முகவரி என்னிடம் இருந்தது. ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டதைச் சொல்லி, உங்களுக்காக அவர் பேசியது என்னிடம் இருக்கிறது, விருப்பம் இருந்தால் கேளுங்கள் என்று போனை மேசைமேல் வைத்தேன். வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நின்றபடி பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார்.

"உங்க படத்த நா பார்த்தேன் சார்" என்றார். "எனக்காக ஒரு வார்த்த சொல்வாருன்னு கடைசி வரிக்கும் உக்காந்திருந்தேன். திரும்பி நின்னுட்டாரு. அன்னிக்கு தண்ணி குடுக்கலன்னு கூட எனக்கு அவ்ளோ கோவம் இல்ல. அந்தப் படம் பார்த்த அப்புறம்தான் அந்தாள வெறுத்தேன்."

கடைசியில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். கொருக்குப்பேட்டை என்றேன். இங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.

"நா போயிருப்பேனா, மாட்டேனா, தெரியாது" என்றார். "ஆனா அத்த நாதானே சார் முடிவு பண்ணியிருக்கணும்?"

அந்தப் பகுதியைப் படத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அதையும் மறுத்துவிட்டார். அது தனக்குச் சொன்னது, ஊருக்கு இல்லை என்றார். அவர் போனுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் இருந்ததை அழித்தேன். அந்த நான்கு நிமிடத்தில் அண்ணன் என்ன சொன்னார் என்பதை இங்கே நான் எழுதாததும் அதனால்தான். அவர் பேசினார் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏழுமலை அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவர் பேச்சில் இருந்த ஒரு பழக்கம். பதினோரு நாள் பேட்டியில் அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். மனநிலை சரியில்லாததால் நடந்துவிட்டது என்று அவர் சொல்வதற்கு நானே வழி அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறைகூட "நடந்துடுச்சு" என்று அவர் சொன்னதில்லை. "நா பூட்டுனேன். நா ஊத்துனேன். நா குடுக்கல" என்பார். நானோ இத்தனை காலமும் படக்குழுவில் கேட்டவர்களிடமெல்லாம், நேரம் கருதி அந்தப் பகுதி இடம்பெறவில்லை என்றே சொல்லிவந்தேன்.

அந்தப் பகுதியை நான் வெட்டினேன். அவரிடம் நான் பொய் சொன்னேன்.