ஏலக்காயின் பச்சை, 540ஆம் வரி

612 வரிகள். போடியில் ஜெபகுமாரின் ஏலக்காய்க் கடை இணையதளத்துக்கு நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் சொல்லும் ஸ்டைல் ஷீட்டின் நீளம் அது. அதைப் பார்த்துக்கொள்பவர் ரேணுகா, வயது முப்பத்தொன்று. அதற்கு முன் ஆறு வருடம் அதே கடையில் சல்லடை போட்டுக் காய் பிரித்தவர். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, தரையிலிருந்து நாற்காலிக்கு வந்தார்.

கடந்த செவ்வாய் காலை இந்தூர் வியாபாரி ஒருவர் போன் செய்தார். சாம்பிள் வந்துவிட்டதாம், படத்தில் இருக்கும் பச்சை அதில் இல்லையாம். மாலை நான்கு மணிக்குள் தளத்தில் காயின் நிறத்தை உள்ளபடி காட்டாவிட்டால் நாற்பது மூட்டை ஆர்டரும் ரத்து.

ஜெபகுமார் குரலை உயர்த்தவில்லை. "ஆர்டர் போச்சுன்னா நீ பழையபடி சல்லடைக்கே போயிரணும்மா" என்றார்.

காரணம் 540ஆம் வரியில் இருந்தது. தளத்தை அமைத்த மதுரைக்காரர், எல்லாப் படங்களும் பச்சை கூடித் தெரியும்படி அங்கே எழுதியிருந்தார். எல்லாப் படங்களும் என்பதில் முதலாளியின் படமும் அடக்கம். தேவாரம் ஊரிலிருக்கும் அவர் மைத்துனர் படத்தைப் பார்த்து, மஞ்சள்காமாலையா என்று விசாரித்தது அதனால்தான்.

எதை அழித்தாலும் பக்கம் கலைந்துவிடும் என்று மதுரைக்காரர் எச்சரித்திருந்ததால் ரேணுகா அழிக்கவில்லை. பச்சையை நீக்கும் வரியைத் தானே எழுதி, கோப்பின் உச்சியில் வைத்தார். ஒன்றும் மாறவில்லை. எழுத்தைச் சரிபார்த்து, மறுபடி உச்சியிலேயே வைத்தார். இடத்தின் மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சல்லடையில் மேலே நிற்பதுதான் எட்டு எம்எம், முதல் தரம்; கீழே விழுவதெல்லாம் அடுத்தது. ஆறு வருடம் கை அப்படிப் பழகியிருந்தது.

மூன்று மணிக்கு, காய் பிரிக்கும் ஜெயபாக்கியம் எட்டிப் பார்த்தார். "ஒன் சல்லடையத் தொடச்சு வச்சிருக்கேன் ஆத்தா. வெரசா வா."

ரேணுகா வகுப்பு நோட்டைப் புரட்டினார். ஒரே பொருளுக்குச் சம பலமுள்ள இரண்டு உத்தரவு இருந்தால் கடைசியில் உள்ளதே செல்லும் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. வரியை உச்சியிலிருந்து வெட்டி, கோப்பின் அடியில் ஒட்டினார். திரையில் காய் வெளுத்தது. முதலாளியின் முகம் தேறியது.

"இம்புட்டு வெளுப்பாவா இருக்கு நம்ம காய்?" என்றார் ஜெபகுமார்.

"இருக்குறது அதுதாண்ணே."

நான்கு மணி பத்துக்கு இந்தூரிலிருந்து பதில் வந்தது: இருபது மூட்டை போதும். பாதி ஆர்டர் போனால் என்ன ஆகும் என்று ஜெபகுமார் காலையில் சொல்லியிருக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, ரேணுகாவை நாற்காலியிலேயே இருக்கச் சொன்னார். மீதி இருபது மூட்டை திங்கட்கிழமை ஏலத்துக்குப் போகிறது.